விசில் ஊதியதும்

மணி ஐந்துகூட ஆகவில்லை, அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா, எட்டு மணிக்குத்தான் சாப்புடுவோம். இங்க யாரும் தட்டப் புடுங்க மாட்டாங்க," என்றேன்.

அம்மா அசடு வழியச் சிரித்தாள். ஆனால் பிசைவதை நிறுத்தவில்லை.

ஜெயிலில் ஐந்தரைக்கே சாப்பாடு முடிந்துவிடும். பதினோரு வருஷம் அப்படிச் சாப்பிட்ட வயிறு, ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்த ஆறே நாளில் மாறிவிடுமா?

பரோல் முப்பது நாள். அதுவரை வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று வக்கீலே தலையைச் சொறிந்தாராம். நல்லபடியாக முடித்தால், ஆகஸ்ட் பதினைந்து விடுதலைப் பட்டியலில் ஜானகி என்ற அம்மாவின் பெயரும் வரலாம். தாண்டினால் எல்லாம் போச்சு. சரிபார்க்க ஜெயலக்ஷ்மி என்கிற பெண் போலீஸ் தினமும் சாயங்காலம் வருவார்.

அப்பாவுக்கு பேக்கரியில் வேலை. அதனால் அம்மாவை வீட்டுக்குப் பழக்கும் பொறுப்பு, ஆறாம் வகுப்பு படிக்கும் என் தலையில் விழுந்தது.

நானும் நன்றாகவே அதிகாரம் செய்தேன்.

முதல் நாள் குளியலறைக் கதவு முன்னால், யாராவது வந்து திறப்பார்கள் என்று அம்மா நின்றுகொண்டே இருந்தாள். தள்ளினால் திறக்கும் என்று காட்டினேன். லைட் போட என்னிடம் அனுமதி கேட்டாள். நாலு தடவை போட்டு அணைக்க வைத்தேன்.

பக்கத்து வீட்டு டோரீன் ஆண்ட்டிக்கு ஒரே ஆச்சரியம். என்னைக் காட்டி, வீணாவுக்கு மட்டும் எப்படித்தான் அம்மாவைப் பார்த்ததுமே எல்லாம் புரிகிறதோ என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா டீயைக் குடித்தார்.

மாவு பிசைந்த அந்தச் சாயங்காலம்தான் தெருமுனை மைதானத்தில் ஃபுட்பால் டோர்னமென்ட் ஆரம்பம். எங்கள் தெரு டென்சில் அங்கிள்தான் ரெஃப்ரி. ஆட்டத்தைத் தொடங்க நீளமாக ஒரு விசில் ஊதினார்.

அம்மா மாவுக் கையோடு எழுந்து ஓடினாள்.

ஜெயிலில் விசில் ஊதினால் எல்லோரும் முற்றத்துக்கு ஓடி, இரண்டிரண்டு பேராகக் குந்தி உட்கார வேண்டும். தலை எண்ணுவார்கள். எங்கள் வீட்டில் முற்றத்துக்கு எங்கே போவது? கதவைத் தாண்டினால் தெருதான்.

அந்தத் தெருவில் ஜெயலக்ஷ்மி மேடம் லூனா வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து வாசலுக்கு எட்டே எட்டு அடி.

அம்மாவுக்கு முன்னால் நான் போய்விட்டேன். படிக்கு உள்பக்கம், நட்டநடுவில், குந்தி உட்கார்ந்தேன். ஓடி வந்த அம்மா என் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கால் பெருவிரல் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாண்டவில்லை.

மேடம் படியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆயித்து, முடிஞ்சுது, எந்திரிங்கம்மா. நான் எண்ணியாச்சு!"

நோட்டில் 'வீட்டில் இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு போனார். அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். கன்னமெல்லாம் மாவு.

அதற்குள் தெரு முழுக்கச் செய்தி. குறுக்கே உட்கார்ந்து அம்மாவைக் காப்பாற்றிய கெட்டிக்காரி என்று டோரீன் ஆண்ட்டி கேக் கொடுத்தார். வெட்கமே இல்லாமல் இரண்டு துண்டு தின்றேன்.

உண்மையில் நான் எதையும் யோசிக்கவில்லை. விசில் கேட்டது, கால் தானாக ஓடியது, தானாக மடங்கியது. பள்ளியிலும் இதே கூத்துதான். பி.டி. டீச்சர் விசில் ஊதினால் எல்லோரும் ஓடுவார்கள். நான் மட்டும் பொத்தென்று உட்காருவேன். வகுப்பே சிரிக்கும்.

ஜெயிலில் பிறந்த பிள்ளையை ஆறு வயது வரைதான் அம்மாவோடு விட்டுவைப்பார்கள். என்னை வெளியே அனுப்பி ஐந்து வருஷம் ஆகிறது.

இத்தனை நாளும் தனியாகத்தான் உட்கார்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் என் ஜோடி வந்து சேர்ந்தது.