வெளிக்கிடும் கப்பல் சொல்லும் சொல்

துறைமுகத்துக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடி. மாலை வெயில் யன்னல் சட்டங்களுக்கூடாக வரிவரியாக மேசையில் விழுகிறது. தனுசியாவின் கணினித் திரையில் இரண்டு வட்டங்கள். ஒரே இறங்குதுறையில் மாறிமாறி வந்து நிற்கவேண்டிய இரண்டு கப்பல்கள் அவை. பல்கலைக்கழகத்துக்காக அவள் எழுதும் கணினி மாதிரி அது. நடக்கக்கூடிய ஒழுங்குகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்த நிரல், கடைசியில் ஒரு பிழையைப் பிடித்துக் காட்டுகிறது: இறங்குதுறை வெறுமையாகக் கிடக்க, ஒரு கப்பல் முடிவில்லாமல் காத்து நிற்கிறது. தான் வேலைக்குப் போகும் வீட்டுச் சிஞ்ஞோராவின் மேசைவிரிப்பை இஸ்திரிப்பெட்டியால் அழுத்திக்கொண்டிருக்கும் அம்மா எட்டிப் பார்க்கிறாள். "ஏன் பிள்ளை அது நிக்குது?" "கப்பலுகள் அனுப்புற மெசேஜுக்கு நான் வைச்ச பேர் பிழை அம்மா. வரேக்கையும் 'வாறன்', வெளிக்கிடேக்கையும் 'வாறன்'. ஒரு கப்பல் வெளிக்கிட்டுப் போனாலும், மற்றக் கப்பல் அது வரப்போகுதெண்டு நினைச்சு வழிவிட்டு நிக்குது." இஸ்திரிப்பெட்டி அப்படியே நிற்கிறது. துணியிலிருந்து ஆவி எழுந்து அம்மாவின் முகத்தை மறைக்கிறது. "அப்பாவும் வாறன் எண்டுதான் சொன்னவர்," என்கிறாள், "ஷெல்லடிக்குள்ளை பங்கருக்குள்ளை இருந்து மேலை ஏறேக்கை." சூடுபட்ட பருத்தியின் மணம் அறையில் பரவுகிறது. தனுசியா கணினிப் பக்கம் திரும்புகிறாள். வெளிக்கிடும் செய்தியின் பெயரை மட்டும் அழித்துவிட்டு 'போறன்' என்று எழுதத் தொடங்குகிறாள். அது ஒன்று போதும், எல்லாம் சரியாக ஓடும். "அந்தச் சொல்லைப் போடாதை பிள்ளை." 'போ' என்ற எழுத்தோடு விரல் நின்றுவிடுகிறது. நாப்போலிக்குப் போகும் கப்பல் நீளமாக ஊதிக்கொண்டு கரையை விடுகிறது. சத்தம் யன்னல் பக்கமிருந்துதான் வருகிறது. அம்மா வாசற்கதவைப் பார்க்கிறாள்.