இறங்குமுகம்

மாடிப்படி ஏறும்போதே டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

காரணம் இருந்தது. கிரிப்டோ விலை காட்டும் செயலியைக் காலையில்தான் போனிலிருந்து எடுத்துத் தொலைத்திருந்தார். பகல் முழுக்க ஒரு தடவைகூட விலை பார்க்கவில்லை. போட்ட காசு ஏறட்டும், இறங்கட்டும். இனி மாதக் கடைசியில் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

வேலையில் அவரைப் போல நிதானமான ஆள் கிடையாது. கற்றுக்கொள்ள வந்தவர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினாலும், பரவாயில்லை, ரிவர்ஸ் போடுங்கள் என்பார்.

அந்த நிதானமெல்லாம் வீட்டு வாசலோடு சரி.

போன மாதம் விலை சரிந்த அன்று, தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்ததற்காகச் சின்னவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பையன் அழக்கூட இல்லை. எதற்கு என்று புரியாமல் ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு மாஸ்டருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. செயலியை எடுத்ததே அதனால்தான்.

கதவைத் திறந்தார். வீடு கப்சிப் என்று இருந்தது.

டிவி ஓடவில்லை. மனைவி தேநீரைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சின்னவன் குனிந்த தலை நிமிராமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். சொல்லாமல் எழுதுகிற பிள்ளையா அவன்?

மாஸ்டர், யாருக்கு என்ன ஆயிற்று என்று மகளிடம் கேட்டார்.

அவள் அவசரமாகப் போனைக் கவிழ்த்து வைக்கப் போனாள். அதற்குள் பார்த்துவிட்டார். காலையில் அவர் எடுத்துத் தொலைத்த அதே செயலி.

"நீயும் இதுல காசு போட்டிருக்கியா?"

"இல்லப்பா. நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நாங்க தினமும் பாத்துக்குவோம். இன்னிக்கு ரொம்ப இறங்கியிருக்கு."

குறை சொல்கிற குரல் இல்லை அது. மழை வரும்போல இருக்கிறது, துணியை எடுத்துவிடலாம் என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மாஸ்டருக்கு உடம்பே கூசிப்போயிற்று. அப்பா இன்றைக்கு அடிப்பாரா, மாட்டாரா என்று அவர் பெற்ற பிள்ளைகள் சந்தை நிலவரம் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஒளிந்துகொள்வதற்கும் இந்த வீடுதான் இருந்தது.

இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டு, அப்பா செய்தது தப்பு என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எவ்ளோ?" என்று வந்தது.

பெரியவள் எழுந்துபோய் முதலில் தம்பிக்கு முன்னால் நின்றுகொண்டாள். பிறகுதான் சொன்னாள்.