பஸ்ஸை நிறுத்தினது யாரு?

"மூணு பேரும் வாயைத் திறந்தா பொய்!"

சலூனுக்குள் நுழைந்த வேகத்திலேயே பொரிந்து தள்ளினாள் ஆராய்ச்சி மாணவி.

வாடிக்கையாளர் யாரும் இல்லாத மத்தியான நேரம். சலூன்கார அண்ணன் கையிலிருந்த பேப்பரை மடித்தார். பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். ரிட்டையரான வாட்ச்மேன் பெரியவர் மட்டும் அசரவில்லை.

"முதல்ல உட்காருங்க டாக்டரம்மா. என் முழங்கால் வலிக்கு ஏதாவது எழுதிக் குடுங்க."

"நான் இன்னும் டாக்டரே ஆகல. ஆனாலும் அது மாத்திரை எழுதுற டாக்டர் இல்ல. எத்தனை தடவை சொல்றது?"

விஷயம் இதுதான். பிழைப்புத் தேடி இந்த நாட்டுக்கு வந்தவர்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி. வீடு வீடாக, கடை கடையாகக் கதை கேட்டுப் பதிவு செய்து, கண்காட்சி வைக்கப் போகிறார்கள். 'வந்தவர்கள் தந்தவை' என்று தலைப்பு. அதைச் சொல்லும்போதெல்லாம் பேராசிரியர் ஒரு முறை கண்ணை மூடித் திறப்பார். கதை சொல்கிறவரின் பெயரும் குடியேற்ற அட்டை எண்ணும் படிவத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதை செல்லாது.

மாணவியும் ஆறு வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவள்தான். அவள் பையிலும் அதே நீல அட்டைதான். அதனாலேயே கோபம் இரண்டு மடங்கு. நம்ம ஆட்களே இப்படிப் புளுகினால் மற்ற கதைகளை யார் நம்புவார்கள்?

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இறக்கத்துல வந்த பஸ்ல டிரைவர் மயங்கி விழுந்துட்டார். பயணி ஒருத்தர் பாய்ஞ்சு போய் ஸ்டியரிங்கைப் பிடிச்சு, பஸ்ஸை நிறுத்தி, இருபத்தெட்டு பேரைக் காப்பாத்திட்டு, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள மாயமாயிட்டார். பேப்பர்லயே வந்துச்சு. சரி, அந்த ஒருத்தர் எப்படிங்க மூணு பேரா ஆனார்?"

அந்தக் கடையில் இரண்டாவது நாற்காலியில் முடிவெட்டுகிறவர், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மூலையில் வாஷ்பேசினைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் சொன்ன பஸ்ல மூணு கைக்குழந்தை. அக்கா பஸ்ல நிறைமாசக் கர்ப்பிணி. ஐயாவோட பஸ்ஸைப் பின்னாலேயே ஒரு லாரி துரத்துது! அக்கா, உங்களுக்கு ஸ்கூட்டராவது ஓட்டத் தெரியுமா?"

"தையல் மிஷின் மிதிப்பேன். பிரேக்கும் மிதிக்கிறதுதானே?"

"ஐயா, போன வாரம் என்னைப் பார்த்து 'வாங்க தம்பி'ன்னீங்க. நீங்க பஸ் ஓட்டினீங்களா?"

"நேரான ரோடும்மா. பார்க்கிறதுக்கு அங்க என்ன இருக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணாடி உடைஞ்சு, இடது கையில சுண்டு விரல்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் கிழிஞ்சுதுன்னு மூணு பேரும் ஒரு வார்த்தை மாறாம சொல்லியிருக்கீங்க. எங்கே, கையைக் காட்டுங்க!"

மூன்று இடது கைகள் தயங்கித் தயங்கி நீண்டன. ஒன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"வெட்கமா இல்ல? யாரோ செஞ்சதுக்கு நீங்க பேர் வாங்கப் பார்க்கிறீங்களே!"

கத்திய கத்தலில் தொண்டை வறண்டு இருமல் வந்துவிட்டது. பேசின் கழுவிக்கொண்டிருந்தவர் அவசரமாக ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். வலது கை முழுக்கச் சோப்பு நுரை. அதனால் இடது கையால் நீட்டினார்.

சுண்டு விரலிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளையாக ஒரு தழும்பு.

அவள் தண்ணீரை வாங்கினாள். குடிக்கத் தோன்றவில்லை.

"அவருக்கு அட்டை கிடையாது," என்றாள் அக்கா மெதுவாக. "பேர் வெளிய வந்தா மறுநாளே பிடிச்சு அனுப்பிடுவாங்க. அவர் பேர் வரவே வேணாம். ஆனா அவர் செஞ்சது, யாருமே செய்யாத மாதிரி போயிடக் கூடாதில்ல?"

"அதுக்கு மூணு பேருமா சொல்வீங்க?"

"ஒருத்தர்தான் சொல்றதா ஏற்பாடு," அண்ணன் தலையைச் சொறிந்தார். "யாருக்கு நல்லா சொல்ல வரும்கிறதுல கொஞ்சம் தகராறு ஆயிடுச்சு."

தழும்புக்காரர் முதல் முறையாகப் பேசினார். "விட்டுடுங்கம்மா. அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. பஸ்தான் நின்னுடுச்சே."

அவள் போன் அடித்தது. பேராசிரியர்.

"கண்டுபிடிச்சியாம்மா? மூணுல எது நிஜம்? கண்காட்சியில முதல் சுவரே அந்தக் கதைக்குத்தான். பேரும் அட்டை எண்ணும் இப்பவே வேணும். இல்லன்னா கதையைத் தூக்கிடு."

ஆராய்ச்சின்னா உண்மை, உண்மை என்று மூன்று மாதமாக ஊரையே நச்சரித்தவள் அவள். நாலு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். பைக்குள் கைவிட்டுத் தன் நீல அட்டையை எடுத்தாள்.

"மூணுமே பொய் சார். நிறுத்தினது நான்தான்."

மறுமுனையில் பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"நீயா? இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"எனக்குத் தற்பெருமை பிடிக்காது சார். எண் சொல்றேன், எழுதிக்குங்க."

"இரு, இரு. உனக்குத்தான் வண்டியே ஓட்டத் தெரியாதேம்மா?"

"அதனாலதான் சார் நிறுத்திட்டேன்."