முடிவு கேட்ட இயந்திரம்

பேருந்துப் பணிமனையில் விடுப்புக் கோருவோர் காரணத்தைக் கதையாகவே எழுத வேண்டும். மாந்தர், களம், முரண், முடிவு ஆகிய நான்கும் அமைந்தால் மட்டுமே இயந்திரம் அனுமதி வழங்கும். ஓட்டுநர் நல்லதம்பி, பிரசவ அறையில் இருக்கும் மனைவி கோமதியைப் பற்றி எழுதினார். முதல் மூன்றும் தேறின.

"முடிவு இல்லை," என்றது இயந்திரம்.

"சுகப்பிரசவம்னு அடிச்சு விடுண்ணே," என்றான் நடத்துநர் சகாயம்.

"பொறக்குறதுக்கு முன்னாடி அப்படி எழுதலாமாடா? அதப் பாக்கத்தானே லீவே கேக்குறேன்!"

நல்லதம்பி ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: "கணவன் அனுமதிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட்டான்." பின்னர் அவ்வாறே புறப்பட்டார்.

"முடிவு சிறப்பு. விடுப்பு வழங்கப்பட்டது," என அரை மணி நேரம் கழித்து இயந்திரம் அறிவித்தது.

"யாருகிட்ட சொல்ற? அண்ணன் இந்நேரம் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாரு," என்றான் சகாயம்.