ராஜையன் வீட்டு செப்டிக் டேங்க்

ராஜையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தப்பு செய்தவன் வேறு எப்படி நிற்பான் என்று அடுத்த வீட்டு நயினார் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

புகாரை விசாரிக்க வந்திருந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் சுதீஷ் மூக்கைப் பொத்தியபடி நயினாரின் கிணற்றை எட்டிப் பார்த்தார். மதிலை ஒட்டி அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடியிருந்தார்கள். கூட்டத்தைச் சேர்த்ததே நயினார்தான். நாலு பேர் முன்னால் கேட்டால்தான் சில பேருக்கு உறைக்கும் என்பது அவருடைய கட்சி.

"புத்தம்புது வீடு சார். குடி வந்து மழை ரெண்டு பெய்யல, தண்ணிய வாயில வைக்க முடியல," என்றார் நயினார். சொல்லும்போதே போன ஞாயிற்றுக்கிழமை நினைப்பு வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் வள்ளியூரிலிருந்து மகள் அஸ்வதியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியை வாய் வரைக்கும் கொண்டு போனாள். முகர்ந்தாள். அப்படியே கீழே வைத்தாள்.

நயினாருக்கு உடம்பு கூசிப்போனது. சாலைக் கடைவீதியில் வருஷக்கணக்காகக் கணக்கெழுதி வாங்கிய வீட்டில், வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க யோக்கியதை இல்லை. அவர் மனைவி உலகம்மை அடுக்களைக்குள் போய் அழுதாள். வருகிற ஞாயிறு மறுபடி வந்து முடிவு சொல்வதாக வள்ளியூர்க்காரர்கள் போயிருக்கிறார்கள். அதற்குள் கிணறு தெளிந்தாக வேண்டும்.

"இவரோட டேங்க்தான் காரணம்னு எப்படி சாரே சொல்லுறது?" என்று மலையாள வாடையில் கேட்டார் சுதீஷ்.

"இதுல கேக்க என்ன இருக்கு? புருஷனும் பொஞ்சாதியுமா ரெண்டே பேரு. மாசம் தவறாம லாரி வந்து டேங்க்க உறிஞ்சிட்டுப் போகு. டேங்க் ஒழுங்கா இருந்தா ரெண்டு பேருக்கு எதுக்கு சார் லாரி?"

கூட்டத்தில் இரண்டு தலைகள் ஆடின. ராஜையனின் மனைவி தாசம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராஜையன் அவள் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"உங்க டேங்க் எவிடயா?" என்று சுதீஷ் நயினாரிடம் திரும்பினார்.

"எங்களுது எல்லாம் இந்த டைல்ஸுக்கு அடியில. பில்டர் பக்காவா பண்ணிருக்காரு." நயினார் முற்றத்துத் தரையைச் செருப்புக் காலால் தட்டிக் காட்டினார். வீடு வாங்கும்போது அவர் வாஸ்து பார்த்தார், தேக்குக் கதவைச் சுண்டிப் பார்த்தார், அலமாரி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பில்டர் சொல்லக் கேட்டதோடு சரி.

"செரி. ராஜையா, ஆ மூடியத் தொற," என்றார் சுதீஷ்.

ராஜையன் மூடிப் பக்கம் போகவில்லை. நயினார் பக்கம் வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்.

"எல்லாரும் நிக்கும்போ வேண்டாம் சாரே. நாணக்கேடாக்கும். சாயந்திரம் நீங்க மட்டும் வாங்க, நான் தொறந்து காட்டுறேன்."

"நாணக்கேடு இப்பத்தான் தெரியுதோ?" என்று நயினார் ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். நேற்றுவரை வாய் நிறையக் கூப்பிட்ட 'அண்ணாச்சி' இன்றைக்கு அவர் வாயில் வரவில்லை. "என் மக வாழ்க்கையே இதுல நிக்கு வே. எல்லாரும் பாக்கட்டும். தொறயும்."

எல்லாரும் பின்னால் வர, ராஜையன் தன் வீட்டு முற்றத்துக்கு நடந்தார். பிறகு மெதுவாகப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

"அஸ்வதி, கேமராவ எடுத்துட்டு வா," என்று நயினார் தன் வீட்டைப் பார்த்துக் கத்தினார். போட்டோ ஒன்று கையில் இருந்தால் பிற்பாடு யாரும் மாற்றிப் பேச முடியாது. உள்ளேயிருந்து பதில் வரவில்லை. மறுபடி கத்தினார். அப்போதும் வரவில்லை.

கான்கிரீட் மூடி நகர்ந்தது. முன்னால் நின்றவர்கள் பின்னால் போனார்கள். டேங்க் விளிம்பு வரை நிறைந்து, மதில் பக்கத்து விரிசலில் கசிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா," என்றார் நயினார். "நான் சொன்னேம்லா?"

சொல்லி வாய் மூடவில்லை. டேங்கின் பக்கச் சுவரிலிருந்த ஒரு குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்து விழுந்தது.

"பாருங்க சார், இன்னும் வருது. கொஞ்சமாவது கூச்சம் இருக்கா இவங்களுக்கு?"

சுதீஷ் நிமிர்ந்து ராஜையன் வீட்டு உள்பக்கம் கை காட்டினார். "அகத்து ஆரா ராஜையா?"

ராஜையன் தரையைப் பார்த்தார். தாசம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அகத்து ஆரிருக்கா சாரே? நாங்க ரெண்டு பேரும் இங்கதானே நிக்கோம்."

சுதீஷ் மறுபடி குனிந்து பார்த்தார். ராஜையன் வீட்டுக் குழாய் பழுப்பேறிக் கிடந்தது. தண்ணீர் விழுந்த குழாய் புதிது, வெள்ளை வெளேரென்று இருந்தது. அது மதிலுக்கு அடியில் புகுந்து வந்திருந்தது. கூட்டம் மதிலுக்கு அந்தப் பக்கம், நயினார் வீட்டைத் திரும்பிப் பார்த்தது.

நயினார் வீட்டுப் பின்கதவு திறந்தது. அஸ்வதி ஈரக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு கேமராவோடு ஓடி வந்தாள்.

"கூப்பிட்டது கேட்டுச்சுப்பா. பாத்ரூம்ல இருந்தேன்."