கடைக்கு ஒரு ஆள்

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும், ஜப்பானிய உணவகத்தின் ஓமியா கிளை மேலாளர் குவபாரா தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“மாட்டுக்கறிச் சோறு போடறதும் நான், கிண்ணம் கழுவறதும் நான். காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போகக்கூட நேரமில்ல. கடைக்கு ஒரே ஆள் போதும்னு எந்த மடையன் சார் சொன்னான்?”

“அது ஊழியர் யோசனைப் பெட்டியில வந்தது, சார். எல்லாக் கிளையிலயும் அமல்படுத்திட்டோம்.”

“பேரைச் சொல்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.”

மறுமுனையில் தாள் புரண்டது.

“போன வருஷம் உதவியாளுங்க காய்ச்சல்ல படுத்தப்ப, ‘ஒரு வாரம் தனியாளாவே கடையைச் சமாளிச்சேன்’னு பெருமையா எழுதிப் போட்டிருக்கீங்க. முதல் பரிசும் நீங்கதான் வாங்கினீங்க.”

குவபாரா நிமிர்ந்து பார்த்தார். சுவரில் அந்தப் பரிசோடு வந்த பாராட்டுப் பத்திரம் பளபளத்தது. காலையில் அவர்தான் துடைத்து வைத்திருந்தார். அதைத் துடைக்கவும் வேறு ஆள் இல்லை.