பினுவை அழிக்கும் வேலை

திருவனந்தபுரத்தின் அந்த ஐ.டி. அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சோதனைக்காக டேட்டாபேஸ் உருவாக்குகிறவர்கள் அதற்குத் தங்கள் பெயரையே வைப்பார்கள். ஆள் வேலையை விட்டுப் போனதும் அதை அழித்துவிடுவார்கள். மேலாளர் விஜின் திட்டித் திட்டியே பினுவை விரட்டியிருந்தார். அவனுடைய நாற்காலியோடு, அவன் டேட்டாபேஸை அழிக்கும் வேலையும் ஜெஸ்லினுக்கு வந்தது.

டேட்டாபேஸ்களை நிர்வகிக்கும் கிளவுட் கன்சோல் திரையில், எதை அழிக்கவேண்டுமோ அதன் பெயரைத் தட்டச்சு செய்தால்தான் நீக்கும் பொத்தான் வேலை செய்யும். ஜெஸ்லின் காலையில் பினுவின் பெயரை அடித்து அழிப்பாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பச்சை விளக்கோடு அது மறுபடி ஓடிக்கொண்டிருக்கும்.

"எந்தா, இதுகூடச் செய்யத் தெரியாதா ஒனக்கு?" எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார் விஜின்.

"அழிச்சேன் சாரே. திரும்பத் திரும்ப வருது."

"கள்ளம் சொல்லாத. எழும்பு!"

அவள் ஒதுங்கி நின்றாள். விஜின் ஒவ்வோர் எழுத்தையும் ஆணி அடிப்பதுபோல அடித்துப் பொத்தானை அழுத்தினார். நீக்கப்பட்டது என்று திரையில் வந்தது. ஆனால் பட்டியலில் பினு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, அவள் தன் பெயரில் உருவாக்கியிருந்த ஜெஸ்லினைத்தான் காணவில்லை.

"சாரே, என்னோடது..."

விஜின் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை. அவளிடம் ஒருநாளும் காட்டாத மரியாதையோடு பேசினார்.

"நீங்க ஆரைப் பாக்கணும்? பினுவையா? சாயா குடிக்கப் போயிருக்கான், இப்ப வந்துருவான். கொஞ்சம் வெளிய இருங்க."